நான் சுகமாயிருக்கிறன், நன்றி

முதலில் பற்றரியை முழுதாகச் சார்ஜ் செய்துகொள்ள வேண்டும். கையடக்க கேம் கருவி ஒன்றில் கம்பனிக்காரன் போட்ட ஃபர்ம்வெயாரை, அதாவது அதை இயக்கும் அடிப்படை மென்பொருளை, எடுத்துவிட்டு வேறொன்றைப் போட முயல்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இதைச் செய்வதில்லை. பாதி வழியில் கருவி அணைந்துவிட்டால் அதன்பிறகு அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "சும்மா இருந்தது சேர், தானா செத்துப்போச்சு" என்பார்கள். சும்மா இருக்கிற எதுவும் தானாகச் சாவதில்லை. யாரோ எதையோ செய்திருக்கிறார்கள்.

பொலிஸில் என்மீது கொடுக்கப்பட்டிருக்கும் முறைப்பாட்டை வாசித்தேன். அதில் 'கவனக்குறைவு' என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. அது பிழை. அதைத் திருத்துவதற்காகவே இந்த வாக்குமூலத்தை நானாகக் கேட்டு எழுதுகிறேன். இதைச் சிங்களத்துக்கு மாற்றப்போகும் உத்தியோகத்தருக்கு ஒரு குறிப்பு: ஃபர்ம்வெயார் என்பதை அப்படியே எழுதலாம். நேற்று அவர் சொன்னதுபோல் அது 'போனின் உள்சாமான்' அல்ல.

என் பெயர் கணேசலிங்கம் ஜதீஸ்வரன். வயது நாற்பத்து மூன்று. பிறந்தது வடக்கே, கரவெட்டிப் பக்கம். பதினொரு வருடங்களாகக் கொடகவெலவில் ஒரு கணினி நிலையத்தில் போதனாசிரியர். என்னிடம் படிக்க வருபவர்கள் முகப்புத்தகத்தைக் கணினி என்று நினைப்பவர்கள். என்னை மேற்பார்வை செய்பவர்கள் அதையும் நினைக்காதவர்கள். ஆகவே என் அறிவுக்கு வேலை கொடுக்க நான் கேம் கருவிகளைத் திறந்து வந்தேன். கம்பனி போட்ட பூட்டை உடைத்தால் அதற்குள் நாமே எழுதிய மென்பொருளை ஓட்டலாம். இதை ஹோம்ப்ரூ என்பார்கள். உலகம் முழுவதும் கெட்டிக்காரர்கள் இதைச் செய்கிறார்கள். சப்ரகமுவ மாகாணத்தில், எனக்குத் தெரிய, ஒருவன்தான் செய்தான்.

கிருஷ்ணகுமாரி என்னிடம் வந்தது சென்ற வருடம் பெப்ரவரியில். வயது முப்பத்து நான்கு. கொடகவெலவிலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் ஏறிப்போக வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளை அங்கே விட்டுச்செல்வார்கள். அவள் பையிலிருந்து ஒரு பழைய கேம் கருவியை எடுத்து மேசையில் வைத்தாள். கட்டாரில் இருக்கும் தம்பி சசி விட்டுப்போனதாம்.

"இதுல எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷையில வருதுங்க சேர். இங்கிலீசுக்காவது மாத்தித் தர ஏலுங்களா?"

"ஆர் விளையாடுறது? உங்கட பிள்ளையே?"

"எங்கப்பாங்க."

அப்பாவின் பெயர் நல்லையா. அறுபத்து நான்கு வயது. தோட்டத்தில் முப்பது வருடம் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். தோட்டத் துரையின் பங்களா வாசலில் நின்று அவர் பேசினால் கீழ் லயத்துத் தொழிலாளர் வீடுகள் வரைக்கும் கேட்கும் என்று பிறகு பலர் என்னிடம் சொன்னார்கள், ஏதோ அது ஒரு தகைமை போல. அவள் என்னிடம் வருவதற்குப் பதின்மூன்று மாதங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. அறிவு போகவில்லை. இடது கை வேலை செய்தது. அந்தக் கையால் இந்தக் கருவியில் ஏதோ பந்து உருட்டும் விளையாட்டை ஆடிக்கொண்டு கிடந்தார்.

"பேச்சில்லாம எப்பிடி அவரோட கதைக்கிறனீங்கள்?" என்று கேட்டேன்.

"கையப் புடிச்சுக்கிட்டு கேப்பேங்க. ஒருக்கா அமுக்கினா ஆமா. ரெண்டு தரம் அமுக்கினா இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த நூற்றாண்டில், கையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு, கையை அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள். கருவியை வாங்கி வைத்தேன். ஜப்பானிய எழுத்தை மாற்றுவது பத்து நிமிட வேலை. நான் எடுத்துக்கொண்டது ஏழு வாரம்.

நான் செய்தது இதுதான். கம்பனியின் ஃபர்ம்வெயாரை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன். அதன்மேல் ஒரு மென்பொருள் எழுதினேன். திரையில் இருபத்து நான்கு படங்கள். இடது பெருவிரலால் படத்தைத் தேர்ந்து, அதே கையின் சுட்டுவிரலால் மேலுள்ள பொத்தானை அழுத்தினால் அந்தப் படத்துக்குரிய வசனத்தைக் கருவி பேசும். தண்ணீர், சோறு, வெளிக்குப் போக வேண்டும், குளிர்கிறது, வேண்டாம், போங்கள். முதலாம் படம் சிரிக்கும் முகம், சுகமாயிருப்பதற்கு. ஒன்பதாம் படம் வாய் கோணிய சிவப்பு முகம், வலிக்கு. ஒவ்வொரு அழுத்தமும் எந்த நாள், எந்த நேரம், எந்தப் படம் என்று மெமரி காட்டில் ஒரு கோப்பில் பதிவாகும். இப்படியொன்றை வெளிநாட்டிலிருந்து வாங்க லட்சங்கள் வேண்டும். இது அந்த மக்களுக்கு விளங்கவில்லை. விளங்கும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

குரல் என்னுடையது. கிருஷ்ணகுமாரி அதற்கும் ஒரு யோசனை சொன்னாள்.

"தம்பி பேசி அனுப்புவானுங்க சேர். அவன் கொரலு அப்பா கொரலு மாதிரியே இருக்கும்."

மறுத்துவிட்டேன். கருவி பேசும் தமிழ் ஒழுங்காக இருக்க வேண்டும். 'தண்ணி தாங்கோ', 'எனக்கு நோகுது', 'நான் சுகமாயிருக்கிறன், நன்றி.' நன்றி என்பதை நானே சேர்த்தேன். சங்கத் தலைவராக இருந்தவரிடம் அந்தச் சொல் குறைவாகவே இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். லயத்தின் முன்னால் முப்பது பேர் கூடிவிட்டார்கள். கட்டிலில் தலையணை வைத்து அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒவ்வொரு படமாகக் காட்டி எல்லாக் குரலையும் கேட்கச் செய்தேன். கேட்டு முடித்ததும் பெருவிரலை நகர்த்தினார். அழுத்தினார்.

"வேண்டாம்" என்றது கருவி.

பெண்கள் அழத் தொடங்கினார்கள். பதினைந்து மாதத்துக்குப் பிறகு தலைவர் பேசிவிட்டாராம். கிருஷ்ணகுமாரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "என்னாப்பா வேணாம்?" என்று கேட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தரம் அழுத்தினார். சோதனை வெற்றி என்று நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். கிருஷ்ணகுமாரி சோறு போட்டாள். ஏதாவது நோக்கம் இருந்ததா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. தோட்டத்துப் பெண்ணொருத்தியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிற நிலையில் நான் இல்லை. நிலையத்தில் ஒரு உதவியாளர் வேலை எடுத்துத் தரலாம், கொடகவெலவில் ஒரு அறை எடுத்துத் தங்கலாம் என்று இரண்டொரு தரம் சொன்னது உண்மை. அது அவளுடைய முன்னேற்றத்துக்கு. நான் சொல்லும்போதெல்லாம் கட்டிலிலிருந்து "வேண்டாம்" என்று சத்தம் வரும். பிறகு "போங்கோ." நான் இருக்கும்வரைக்கும் "எனக்கு நோகுது, எனக்கு நோகுது." நான் எழுந்து போனதும் நின்றுவிடுமாம். என்னுடைய குரலிலேயே என்னைப் போகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நான் மோர்க்குழம்பு சாப்பிட்டேன்.

ஜூலையில் நிலையத்தின் பணிப்பாளரை அங்கே அழைத்துப் போனேன். மாகாணப் புத்தாக்கப் போட்டிக்கு என் பெயரை அவர்தான் அனுப்ப வேண்டும். கூடவே இரண்டு உத்தியோகத்தர்கள். நான் விளக்கம் சொல்லி முடித்து, "ஐயா, இவையளுக்கு ஏதாவது சொல்லுங்கோ" என்றேன்.

"வேண்டாம்" என்றார். "போங்கோ" என்றார். அதையே மாறி மாறி ஏழு தரம்.

கதவடியில் நின்ற லயத்து ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பணிப்பாளர் பொத்தாமலே சிரித்தார். மிஷின் சரி, மனுஷன்தான் இன்னும் உங்கள் சொல் கேட்கவில்லை என்று சிங்களத்தில் சொன்னார். வாகனத்தில் திரும்பும்போதும் அதைச் சொல்லிச் சிரித்தார். படிப்பில்லாத ஒரு கிழவர், நான் கொடுத்த வாயால் என்னை அவமதித்தார். நான் கோபப்படவில்லை. ஒரு மென்பொருள் எதிர்பார்த்தபடி இயங்காவிட்டால் அதைத் திருத்துவார்கள்.

அடுத்த ஞாயிறு திருத்தினேன். வேண்டாம், போங்கோ, பிடிக்கவில்லை, நோகுது என்ற நான்கு படங்களுக்குமான ஒலிக்கோப்புகளை எடுத்துவிட்டு, முதலாம் படத்தின் ஒலியை அந்த நான்கு பெயர்களிலும் பிரதி செய்தேன். ஐந்து நிமிடம் பிடித்தது. வீட்டாருக்கு 'அப்டேட்' என்று சொன்னேன். அந்தச் சொல்லைச் சொன்னால் இங்கே யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

நல்லையாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அவரது அறிவைப்பற்றி நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஐந்தாம் படத்தை, 'வேண்டாம்' என்பதை, அழுத்தினார். "நான் சுகமாயிருக்கிறன், நன்றி" என்றது. ஆறை, 'போங்கோ'வை, அழுத்தினார். அதுவே. ஒன்பது. அதுவே. திரும்பவும் ஐந்துக்குப் போனார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு கருவியைத் தூக்கிச் சுவரில் எறிந்தார்.

அதன் மூலையில் சிறு வெடிப்பு வந்தது, வேறு சேதமில்லை. ஒரு பலகையில் அதைப் பொருத்தி, பலகையை அவரது மணிக்கட்டோடு இலாஸ்டிக் பட்டியால் கட்டினேன். கிருஷ்ணகுமாரி பயந்துபோனாள். அவளுக்கு நிதானமாக விளக்கினேன். பாரிசவாதம் வந்தவர்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், முகம் கோணும், கை தன்பாட்டில் வீசும். நான் வாசித்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை, அப்படி உண்டு.

"முகத்தைப் பாக்காதேங்கோ. மெசின் சொல்லுறதைக் கேளுங்கோ. அந்தக் கை அமுக்கிற பழக்கத்தையும் விடுங்கோ. இரண்டு வழி இருந்தால் அவர் இதைப் பழகமாட்டார்."

"சரிங்க சேர்" என்றாள். அவர்கள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்கள்.

இப்போது யாரும் நினைவுகூர விரும்பாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த மூன்று மாதமும் அந்த வீடு அமைதியாக இருந்தது. முன்பெல்லாம் அவள் பிள்ளைக்காம்பராவிலிருந்து நாளுக்கு மூன்று தரம் மேட்டில் ஏறி ஓடிவருவாள். இப்போது பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, அப்பா நல்லா இருக்கேன்னு சொல்றாரு என்று சொல்லியனுப்பினால் போதும். அவளுடைய முகம்கூடத் தெளிந்தது. அதைச் செய்தது நான்.

போட்டிக்கான நடுவர்கள் வீட்டுக்கே வந்து பார்ப்பதாக அறிவித்தார்கள். ஒக்டோபரில் ஒரு புதன்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு, அறிக்கையில் சேர்ப்பதற்காகப் பதிவுக் கோப்பைப் பிரதி எடுக்கப் போனேன். என் மடிக்கணினியை அவரது கட்டிலுக்கு எதிரே வைத்துத் திறந்தேன். அதற்கு முந்திய வாரங்களில் அவர் கருவியை அநேகமாகத் தொடவேயில்லை, தண்ணீருக்கு மட்டும். வியாழக்கிழமையிலிருந்து வேறு மாதிரி. வியாழன், ஒன்பதாம் படம் ஆறு தரம். வெள்ளி ஐம்பத்தெட்டு. சனி இருநூற்று மூன்று. ஞாயிறு, நான் போன பதினொரு மணி வரைக்கும், நூற்று நாற்பது. ஒன்பதாம் படம் மட்டும்.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அவர் என் கண்ணையே பார்த்துக்கொண்டு அழுத்தினார்.

"நான் சுகமாயிருக்கிறன், நன்றி."

திரும்ப அழுத்தினார். நான் எண்ணினேன். நாற்பத்தொரு தரம். இந்த முறை அது என்னைப் பற்றியதல்ல என்று எனக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை நான் அங்கே இருக்கவில்லையே.

"சந்தோசம் ஐயா" என்று சொன்னேன். கணினியை மூடினேன்.

கிருஷ்ணகுமாரி தேநீர் கொண்டுவந்தாள். "ரெண்டு நாளா கஞ்சி எறங்கல்லைங்க சேர். கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்றாரு. எனக்கு என்னமோ மாதிரி இருக்குங்க. டிஸ்பென்சரிக்குக் கொண்டு போவமா?"

"புதன்கிழமை ஆக்கள் வந்திட்டுப் போகட்டும்" என்றேன். "அவருக்கு ஒண்டுமில்லை. அவரே சொல்லுறார்தானே."

புதன்கிழமை நான்கு நடுவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண், பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவர். கட்டிலருகே முழந்தாளிட்டு உட்கார்ந்து, திரும்பவும் பேச முடிவதில் எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். நல்லையாவின் விரல் ஒன்பதாம் படத்தைவிட்டு நகரவே இல்லை. வியர்வை கழுத்தால் ஓடியது, கண்ணிலிருந்து நீர் வடிந்தது. கருவி சொல்லிக்கொண்டேயிருந்தது: நான் சுகமாயிருக்கிறன், நன்றி. நான் சுகமாயிருக்கிறன், நன்றி. நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். "அனே, பவ்" என்று, அதாவது ஐயோ பாவம் என்று, அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு நன்றியுள்ள நோயாளியைத் தான் கண்டதில்லையாம். அவர் கையைப் பிடித்தபடி படமும் எடுத்துக்கொண்டார். பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவர்கள்கூட ஒரு மனிதனின் முகத்தைப் பார்ப்பதில்லை. தோட்டத்துப் பெண் ஒருத்தியைக் குற்றம் சொல்லி என்ன பயன்.

வியாழக்கிழமை காலை கிருஷ்ணகுமாரி என் சொல்லை மீறினாள். பட்டியைக் கழற்றிப் பலகையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் ஒருதரம் அமுக்கினார். விடவில்லை. ஆட்டோவில் ஏற்றும்வரைக்கும் விடவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். மகளின் விரல்களில் நீலம் பாரித்திருந்ததை நானே பார்த்தேன்.

எனக்கும் போன் பண்ணினாள். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வயிற்றுப்புண் வெடித்திருந்தது. வாதத்துக்குக் குடிக்கும் மாத்திரையால் சிலருக்கு அப்படி வருமாம். டொக்டர் ஒரு இளம் ஆள், சிங்களத்தில் பேசினார். ஐந்தாறு நாட்களாகவே தாங்க முடியாத வலி இருந்திருக்க வேண்டும், ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

கிருஷ்ணகுமாரி என்னைவிட நல்ல சிங்களத்தில் பதில் சொன்னாள். சொன்னார், என்றாள். ஒவ்வொரு நாளும் சொன்னார். சுகமாயிருக்கிறேன் என்றுதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இறந்துபோனார்.

போட்டியில் எனக்கு இரண்டாம் இடம். முதலிடம் தேங்காய் துருவும் ஒரு மோட்டாருக்கு. சான்றிதழ் வழங்கும் விழாவில் காட்சிக்கு வைக்கக் கருவியைத் தரும்படி, அவர் இறந்து எட்டாம் நாள், கிருஷ்ணகுமாரியிடம் போய்க் கேட்டேன். அதைச் சசியின் பழைய விளையாட்டுக்குத் திரும்ப மாற்றுவதற்காகக் கொடகவெலவில் போன் கடை வைத்திருக்கும் இன்ஷாபிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். இன்ஷாப் வீடியோ பார்த்துத் தொழில் பழகியவர். ஆனால் நான் எழுதிய கோப்புகள் எவரும் வாசிக்கக்கூடிய அளவுக்குத் தெளிவானவை. பதிவையும் நான் அழித்திருக்கவில்லை. தரவுகளை அழிப்பது என் பழக்கமல்ல.

இரண்டு நாள் கழித்து இன்ஷாப் நிலையத்துக்கு வந்தார். கூடக் கிருஷ்ணகுமாரியும். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"சேர், ஒன்பதாம் படத்துக்கும் முதலாம் படத்துக்கும் ஒரே சவுண்ட் விழுந்திருக்கு. மொத்தம் அஞ்சு படத்துக்கு அப்படி. கொப்பி பண்ணக்குள்ள மாறிப் போயிருச்சா? எங்களுக்கும் அப்படி நடக்கிறதுதான்."

எனக்கு ஒரு வழியைத் திறந்து காட்டினார் என்பது விளங்கியது. தலையாட்டியிருந்தால் போதும். உங்கள் முன்னால் இப்போது உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 'எங்களுக்கும்' என்றார். போன் கண்ணாடி மாற்றுகிற ஒருவர், என்னையும் தன்னையும் ஒரே வரிசையில் வைத்து.

"எனக்கு அப்பிடி நடக்கிறதில்லை" என்றேன்.

அவர்கள் அதை நம்பவில்லை. படித்த மனிதர், வேண்டுமென்று செய்திருக்கமாட்டார் என்றுதான் 'கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே தெளிவாக எழுதுகிறேன். ஒலிக்கோப்புகளை மாற்றியது நான், தெரிந்தே. மகள் கையைப் பிடித்துக் கேட்பதை நிறுத்தியது நான். அவருக்கு நோகிறது என்பது ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எனக்குத் தெரியும். டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சொன்னது நான். புதன்கிழமை அவர் அழுத்திக்கொண்டிருந்தது என்னவென்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் அவர். மற்றது நான். என் வேலையில் பிழை எதுவும் இருக்கவில்லை. எழுதியபடியே அது கடைசிவரை இயங்கியது.

நேற்று இந்தப் பொலிஸ் நிலையத்தின் விறாந்தையில் கிருஷ்ணகுமாரி என்னருகே வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. "எங்கப்பா ஒங்கள என்னாங்க செஞ்சாரு?" என்று மட்டும் கேட்டாள். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் அவளைக் கூட்டிப் போய்விட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. இதை அவளுக்கு வாசித்துக் காட்டுவீர்களானால் என் பதிலையும் சேர்த்து வாசியுங்கள். அவர்மீது எனக்கு எந்தப் பகையும் இருக்கவில்லை. நான் பிடிவாதக்காரனும் அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமைகூட மடிக்கணினி என் மடியில் திறந்துதான் இருந்தது, பழைய ஒலிக்கோப்புகளும் அதற்குள்தான் இருந்தன. மரியாதையாக ஒரு வார்த்தை வாய் திறந்து கேட்டிருந்தால், அந்த இடத்திலேயே மாற்றிக் கொடுத்திருப்பேன்.